கடனாளியும் தொழிலாளியும்: பெண் வலுவூட்டல் பற்றிய இரு நூல்கள் குறித்து ஒரு விமர்சன நோக்கு

மூன்றாம் உலக நாடுகளின் அபிவிருத்தி பற்றிய சிந்தனையிலே பெண் தனியொரு பொருளாக இடம்பெறத் தொடங்கியது இருபதாம் நூற்றாண்டின் இறுதி மூன்று தசாப்தங்களிலேயே எனலாம். 1970இல் எஸ்தர் பொசரப் வெளியிட்ட நூல், ஆபிரிக்க, ஆசிய நாடுகளின் வேளாண்மையிற் பெண்ணின் உழைப்பு எத்துணைப் பெரியது என்பதையும், அபிவிருத்தித் திட்டங்களை வகுத்தோர் அதனைக் காணாது விட்டனர் என்பதையும் எடுத்துக்காட்டிற்று. 1975ஆம் ஆண்டினைச் சர்வதேச மகளிர் ஆண்டாகவும், 1976 முதல் 1985 வரையான காலத்தை மகளிர் தசாப்தமாகவும் ஐக்கிய நாடுகள் சபை பிரகடனஞ் செய்தது. அத்தசாப்தத்தின் முடிவிலே மூன்றாம் உலகப் பெண்ணியவாதிகள் பலர் ‘வலுவூட்டல்’ என்னும் கருத்தை முன்வைத்தனர். வறிய பெண்கள் கூட்டாகத் திரண்டு, தம்மை ஒடுக்கும் அதிகார உறவுகளைத் தாமே மாற்றியமைத்தல் என்பதே அன்று அச்சொல்லின் தாற்பரியமாக இருந்தது.

சொற்களுக்கும் சமூக வரலாறு உண்டு. பின்வந்த ஆண்டுகளில் இச்சொல் உதவி வழங்கும் நாடுகளினதும் உலக வங்கியினதும் அரச சார்பற்ற நிறுவனங்களினதும் அறிக்கைகளில் நீக்கமற நிறைந்துவிட்டது. வலுவூட்டலிலிருந்து வலுவே அகற்றப்பட்டுவிட்டது என்னும் பொருள்பட இந்தியப் பெண்ணியவாதியான சிறீலதா பத்லிவாலா 2007இல் எழுதியமை மனங்கொள்ளத்தக்கது. இச்சொல் இருவேறு பொருள்களில் எவ்வாறு வழங்குகின்றது என்பதை அறிவதற்கு, தெற்காசியாவின் இரு பெரும் முயற்சிகளைப் பற்றி அவற்றின் ஸ்தாபகர்களே எழுதிய இரு நூல்கள் துணைபுரிகின்றன. ஒன்று, பங்களாதேஷின் கிராமீன் வங்கியை நிறுவிய முகம்மது யூனுஸ், அலன் யோலிஸ் என்பவருடன் சேர்ந்து எழுதி, 1997இல் முதலிற் பிரெஞ்சு மொழியிலும் பின்னர் ஆங்கிலத்தில் ‘வறியோரின் வங்கியாளர்’ எனப் பொருள்படும் தலைப்பிலும் வெளிவந்த தன்வரலாறு. மற்றையது, இந்தியாவின் சுயதொழில் புரியும் பெண்கள் சங்கமாகிய ‘சேவா’வை நிறுவிய இலா பட் 2006இல் வெளியிட்ட ‘நாங்கள் ஏழைகள், ஆயினும் ஏராளமானோர்’ என்னும் பொருளுடைய நூல். இவ்விரு நூல்களும் வறிய பெண்ணை யாராகக் காண்கின்றன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

யூனுசின் நூல் 1974ஆம் ஆண்டுப் பஞ்சத்தின் நினைவோடு இணைந்தது. சிட்டகொங் பல்கலைக்கழகத்திற் பொருளியற் பேராசிரியராக இருந்த அவர், தாம் வகுப்பறையிற் போதிக்கும் கோட்பாடுகளுக்கும் வீதியோரத்தில் மடியும் மனிதருக்கும் இடையிலுள்ள தூரத்தை உணர்ந்து, பல்கலைக்கழகத்தை அடுத்துள்ள ஜோப்ரா என்னும் கிராமத்துக்குச் செல்கிறார். அங்கு மூங்கில் மோடா முடையும் ஒரு பெண்ணைச் சந்திக்கிறார். மூங்கில் வாங்குவதற்கு அவளிடம் 5 டாக்கா இல்லை. வியாபாரியே அப்பணத்தைக் கடனாகக் கொடுக்கிறான். முடைந்த மோடாவை அவனுக்கே, அவன் குறிக்கும் விலைக்கே அவள் விற்றல் வேண்டும். நாள் முழுவதும் உழைத்தபின் அவள் கையில் எஞ்சுவது 50 பைசா. இத்தகைய நிலையிலிருந்த 42 பேருக்கு மொத்தமாகத் தேவைப்பட்ட தொகை 856 டாக்கா மாத்திரமே என்பதை அறிந்த யூனுஸ், அதனைத் தம் பையிலிருந்தே கொடுக்கிறார். 1976இல் இவ்வாறு தொடங்கிய முயற்சி, 1983இல் தனியான சட்டத்தின் கீழ் வங்கியாக மலர்ந்தது. 2006இல் யூனுசும் அவ்வங்கியும் சமாதானத்துக்கான நொபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டமை உலகறிந்த செய்தி.

நூலின் ஆரம்ப அத்தியாயங்கள் வாசகனை நெகிழச் செய்வன. அந்நிய ஆடவன் வீட்டினுட் புகலாகாது என்பதால் யூனுஸ் முற்றத்திலே நிற்க, மாணவியொருத்தி உள்ளே சென்று பெண்களிடம் பேசி, அவர்களின் மறுமொழியோடு மீளும் காட்சி மறக்கற்பாலதன்று. பணத்தைத் தொட்டே அறியாத பெண்கள், கடனைத் தம் கணவன்மாருக்கே கொடுக்கும்படி வேண்டுகின்றனர். ஈடு வைக்க நிலமில்லாதவருக்கு வங்கிக் கதவு திறவாது என்ற நியதியை, அதிலும் பெண்ணுக்கு எந்நாளும் திறவாது என்ற வழமையை, அவர் தகர்த்தெறிந்தார். அவ்வகையில் இந்நூல் ஒரு துணிவின் வரலாறே.

ஆயின் மோடா முடையும் பெண்ணின் கதையை மீண்டும் ஒருமுறை ஊன்றி நோக்கல் வேண்டும். அவளது வறுமைக்கு அக்கதையிலேயே இரு காரணங்கள் சொல்லப்பட்டுள்ளன. அவளிடம் முதல் இல்லை என்பது ஒன்று. அவளது உழைப்பின் விலையை மற்றொருவன் தீர்மானிக்கிறான் என்பது மற்றொன்று. முதலாவது காரணம் நூல் முழுவதும் தொடர்ந்து பேசப்படுகின்றது. இரண்டாவதோ கடன் கிடைத்ததும் தானாகத் தீர்ந்துவிடும் ஒன்றாகக் கருதப்பட்டுப் படிப்படியாக மறைந்து போகின்றது. வறியோர் அனைவரும் இயல்பாகவே முயற்சியாளர், அவர்களுக்குப் பயிற்சிகூட அவசியமில்லை, கடனே போதும் என்பது யூனுசின் உறுதியான நிலைப்பாடு. கடன்பெறுவதை ஒரு மனித உரிமை என்றும் அவர் வாதிடுகிறார். இந்நோக்கிற் பெண், முதலுக்காகக் காத்திருக்கும் ஒரு சிறு முதலாளியாக உருவாகிறாள். அவள் பொருளை யார் வாங்குகிறார், என்ன விலைக்கு வாங்குகிறார், அவ்விலையை அவளாற் கேள்விக்குட்படுத்த முடியுமா என்னும் வினாக்கள் எழுவதற்கு அங்கு இடமில்லை.

இலா பட்டின் நூலில் இவ்வினாக்களே முதலிடம் பெறுகின்றன. அதற்கு அவர் வந்த வழி ஒரு காரணம். சட்டம் பயின்ற அவர், 1920இல் அனசூயா சாராபாயும் காந்தியடிகளும் தோற்றுவித்த அகமதாபாத் ஆலைத் தொழிலாளர் சங்கத்தின் மகளிர் பிரிவிற் பணியாற்றியவர். ஆலைக்கு வெளியே தலைச்சுமை தூக்குவோர், கைவண்டி இழுப்போர், பீடி சுற்றுவோர், நடைபாதையில் மரக்கறி விற்போர் எனப் பல்லாயிரம் பெண்கள் உழைத்தபோதிலும், சட்டத்தின் கண்ணில் அவர்கள் தொழிலாளர் அல்லர் என்பதை அவர் அங்கு கண்டார்.

1971இல் நிகழ்ந்த ஒரு சம்பவம் இங்கு கருதத்தக்கது. துணிச்சந்தையிற் சுமை தூக்கும் பெண்களுக்குக் கிடைக்கும் சொற்பக் கூலியைப் பற்றி இலா பட் பத்திரிகையில் எழுதினார். வியாபாரிகள் அதனை மறுத்து, தாம் நியாயமான கூலியே கொடுப்பதாகப் பதிற்கட்டுரை வெளியிட்டனர். வியாபாரிகள் தம் வாயாலேயே ஒப்புக்கொண்ட அக்கூலி விபரம் அட்டைகளில் அச்சிடப்பட்டு, சுமை தூக்கும் பெண்களிடம் விநியோகிக்கப்பட்டது. அவ்வட்டையைக் காட்டியே அவர்கள் கூலி பேசலாயினர். இதன்போது பெண்களின் கைக்கு வந்தது ஒரு சதமும் அன்று. தம் உழைப்பின் விலையைப் பற்றிப் பேசுவதற்கான ஆதாரமொன்றே அவர்களுக்குக் கிட்டியது.

1972இல் சேவாவைத் தொழிற்சங்கமாகப் பதிவுசெய்ய முயன்றபோது, எதிர்த்துப் போராட முதலாளி ஒருவன் இல்லாத இடத்திலே தொழிற்சங்கம் எவ்வாறு சாத்தியமாகும் என அதிகாரிகள் தயங்கினர். தொழிலாளர் ஒன்றுபடுவதற்காகவே சங்கம், முதலாளி ஒருவன் இருந்துதான் ஆகவேண்டும் என்பதில்லை என்ற வாதத்தின் மூலமே பதிவு பெறப்பட்டது. இரு ஆண்டுகளின் பின்னர், 1974இல், 4,000 பெண்கள் தலைக்கு 10 ரூபா பங்குப்பணம் செலுத்தித் தமக்கென ஒரு கூட்டுறவு வங்கியை அமைத்தனர். ஏழைகளால் வங்கி நடத்த முடியுமா என்ற ஐயம் எழுந்த கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் கூறிய மறுமொழியே பின்னர் நூலின் தலைப்பாயிற்று. பதிவுப் பத்திரத்திற் கையொப்பமிட வேண்டிய பெண்கள் இரவெல்லாம் கண்விழித்துத் தம் பெயரெழுதப் பழகினர் என்பதும் அவ்வங்கியின் வரலாற்றில் இடம்பெறும் செய்தியாகும்.

இரு நூல்களுக்கும் இடையிலான வேறுபாட்டைத் துலக்கமாகக் காட்டுவது, ஆலைகளிற் கழிவாகும் துணித்துண்டுகளைப் பொருத்தி மெத்தையுறை தைக்கும் அகமதாபாத் பெண்களைப் பற்றி இலா பட் கூறும் வரலாறாகும். இவர்களுக்குத் துணித்துண்டு கொடுப்பவன் வியாபாரி; தைத்ததைப் பெறுபவனும் அவனே; கூலியைக் குறிப்பவனும் அவனே. ஜோப்ராவில் மோடா முடைந்த பெண்ணும் அகமதாபாத்தில் உறை தைத்த பெண்ணும் ஒரே பொருளாதார உறவிற் கட்டுண்டவர்கள். யூனுஸ் தாம் கண்ட பெண்ணுக்கு 5 டாக்காவைக் கொடுத்து வியாபாரியை விலக்க முற்பட்டார். உறை தைத்த பெண்களோ ஒன்றுகூடி, வியாபாரியிடம் கூலி உயர்வு கேட்டனர். வியாபாரிகள் பழிவாங்கும் முகமாக வேலையைக் குறைத்தனர். அதன்பின்னரே அப்பெண்கள் தமக்கெனக் கூட்டுறவுச் சங்கமொன்றை அமைக்கும் நிலை தோன்றியது. இங்கு முதலும் தேவைப்பட்டது என்பது உண்மையே. ஆயின் அது போராட்டத்தின் பின்னர், அப்போராட்டத்தைத் தாங்கும் பொருட்டு வந்து சேர்ந்தது.

இவ்வேறுபாட்டின் ஆழத்தை அறிவதற்கு, பெண்கள் ஒன்றுகூடி அமரும்போது அங்கு நிகழ்வது யாது என்று கேட்டல் வேண்டும். கிராமீன் முறையில் ஐந்து பெண்கள் சேர்ந்து ஒரு குழுவாகின்றனர். பல குழுக்கள் வாரந்தோறும் ஒரு நிலையத்திற் கூடுகின்றன. தொடக்ககால முறைப்படி, கடன் ஓராண்டில் 50 வாரத் தவணைகளாகத் திருப்பிச் செலுத்தப்பட்டது. ஒருத்தி தவணை தவறினால் மற்றையோரின் அடுத்த கடனுக்கு இடையூறு நேரலாம் என்ற அச்சமே நில ஈட்டுக்குப் பதிலாக நின்றது. ஆகவே அயலவளின் வறுமை, அவளின் நோய், அவள் வீட்டுச் சாவு ஆகியவை அனுதாபத்துக்குரியனவாக இருக்கும் அதேவேளை அச்சத்துக்குரியனவாகவும் ஆகின்றன. 1984இல் உருவாக்கப்பட்ட ‘பதினாறு தீர்மானங்கள்’ சீதனத்தையும் இளவயது மணத்தையும் கைவிடுதல், பிள்ளைகளைப் படிப்பித்தல், மரக்கறி பயிரிடுதல் முதலானவற்றை உறுப்பினருக்கு விதிக்கின்றன. அவை நல்லனவே. எனினும் அவற்றுட் பெரும்பாலானவை பெண் தன் வீட்டையும் வாழ்வையும் திருத்திக்கொள்ளும் உறுதிமொழிகள். சந்தையிடமோ வியாபாரியிடமோ நிலவுடைமையாளனிடமோ எதனையும் கோரும் தீர்மானம் அவற்றுள் இல்லை.

யூனுசின் நூல் கூறாது விட்டதைப் பின்வந்த ஆய்வுகள் கூறின. கிராமீன் உட்பட பங்களாதேஷின் கடன் திட்டங்களை ஆராய்ந்து ஆன் மரீ கோற்ஸ், ரீனா சென் குப்தா ஆகிய இருவரும் 1996இல் வெளியிட்ட கட்டுரை, பெண்களின் பெயரிற் பெறப்பட்ட கடன்களிற் சுமார் 63 வீதமானவற்றின் பயன்பாட்டில் அவர்களுக்கு இருந்தது பகுதிக் கட்டுப்பாடோ, மிகச் சொற்பமான கட்டுப்பாடோ, அன்றி எதுவுமின்மையோ எனக் கண்டது. பணத்தை ஆண் எடுத்தான். தவணைக்குப் பெண் பொறுப்பானாள். 1990களின் இறுதியிற் களஆய்வு செய்து லாமியா கரீம் 2011இல் வெளியிட்ட நூல், கிராமத்துப் பெண்ணின் மானமே கடனுக்கு ஈடாகியதை விளக்குகின்றது. கடனை மீட்கும் பொருட்டு வீட்டின் தகரமும் மரமும் கழற்றிச் செல்லப்படுவதை ஊரார் ‘வீடு உடைத்தல்’ என வழங்கியமையும், அதனைச் செய்யுமாறு சக பெண்களே நெருக்கப்பட்டமையும் அந்நூலிற் பதிவாகியுள்ளன. பொஸ்னியா, எதியோப்பியா, இந்தியா, மெக்சிக்கோ, மொங்கோலியா, மொரொக்கோ ஆகிய ஆறு நாடுகளில் நடத்தப்பட்டு 2015இல் ஒருங்கே வெளியான ஆய்வுகளும், நுண்கடனாற் சில சிறு நன்மைகள் உளவாயினும் வறுமையிலோ குடும்பத்துட் பெண்ணின் தீர்மானிக்கும் அதிகாரத்திலோ பெருமாற்றம் நிகழவில்லை என்ற முடிவையே தந்தன.

இதனால் கிராமீன் முயற்சி பயனற்றது எனக் கொள்ளுதல் நேர்மையாகாது. பங்களாதேஷின் கிராமப் பெண்களிடையே ஆய்வு செய்த நைலா கபீர், கடனைக் கணவன் கையாண்டபோதிலும், அது தன் மூலமாகவே வந்தது என்பதாற் குடும்பத்திலே தன் மதிப்பு உயர்ந்ததெனப் பெண்களே கருதினர் என்று எடுத்துக்காட்டியுள்ளார். பெண்ணின் சொந்த மதிப்பீட்டை ஆய்வாளன் புறக்கணித்தலாகாது. வீடமைப்புக் கடன் பெறும்போது நிலவுறுதி பெண்ணின் பெயரில் இருத்தல் வேண்டும் என்ற கிராமீன் வங்கியின் நிபந்தனை, சொத்துரிமையைத் தொட்ட ஓர் ஏற்பாடாகும். வங்கியின் பங்குகளிற் பெரும்பகுதி கடன்பெறுவோருக்கே உரியது என்பதும் பிற்கால நுண்கடன் கம்பனிகளிலிருந்து அதனை வேறுபடுத்துகின்றது. அக்கம்பனிகள் யூனுசின் வாதத்தைக் கடன்வாங்கின. அவரது இரக்கத்தை விட்டுவிட்டன. 2010இல் இந்தியாவின் ஆந்திரப் பிரதேசத்திற் கடன் வசூலிப்புக் கொடுமைகள் பெருகி, மாநில அரசு அவசரச் சட்டம் பிறப்பிக்க நேர்ந்தமை இதற்குச் சான்று. எனினும் அவ்வாதத்தை அத்துணை எளிதாகக் கடன்வாங்க முடிந்தது ஏன் என்ற வினா எஞ்சுகின்றது. விலையையும் கூலியையும் பற்றிப் பேசாத ஒரு வாதத்தை எந்த வியாபாரியும் அச்சமின்றி ஏற்கலாம் என்பதே அதற்கு விடையாகும்.

இலா பட்டின் நூலும் குறைகளுக்கு அப்பாற்பட்டதன்று. அதுவும் ஸ்தாபகர் எழுதிய வரலாறே. பெண்களின் குரல் ஆசிரியரின் குரலூடாகவே நம்மை வந்தடைகின்றது. வீட்டுக்கு வெளியே வியாபாரியையும் அதிகாரியையும் எதிர்த்துப் பேசும் பெண், வீட்டினுள்ளே கணவனோடும் மாமியாரோடும் நடத்தும் போராட்டத்தை நூல் போதியளவு பேசவில்லை. காந்திய வழிவந்த சமரச நோக்கு, முரண்பாடுகளின் கூர்மையைச் சில இடங்களில் மழுங்கச் செய்கின்றது. வீட்டிலிருந்து கூலிக்கு உழைக்கும் பெண்களின் வருமானம் பெரிதும் உயர்ந்துவிட்டதென்றும் சொல்வதற்கில்லை. சேவாவின் வங்கியும் வட்டிக்கே கடன் கொடுக்கின்றது.

எனினும் யூனுசின் நூலில் இல்லாத ஒரு பண்பு இந்நூலில் உண்டு. யூனுசின் கதைகளிற் பெரும்பாலானவை துயரில் தொடங்கிக் கடனூடாக மகிழ்ச்சியில் முடிகின்றன. இலா பட் தோல்விகளையும் எழுதுகிறார். கூலி உயர்வு கேட்டதால் வேலையிழந்த பெண்களையும், வழக்காடி வென்றபின்னும் மீளவும் துரத்தப்பட்ட நடைபாதை வியாபாரிகளையும் அவர் மறைக்கவில்லை. 1981இல் இடஒதுக்கீட்டுக்கு எதிரான கலவரத்தின்போது தலித் மக்களின் பக்கம் நின்றமையால், தன்னை ஈன்ற ஆலைத் தொழிலாளர் சங்கத்திலிருந்தே சேவா வெளியேற்றப்பட்டது. அதிகாரத்தைத் தொடும் எந்த வேலையும் எதிர்ப்பைச் சந்தித்தே தீரும். ஒரு நிறுவனத்தின் வலுவூட்டல் எவரையுமே சினங்கொள்ளச் செய்யவில்லையாயின், அது எதனையும் மாற்றவில்லையோ என ஐயுறுதல் தகும். வீட்டிலிருந்து உழைப்போருக்கான சர்வதேசத் தொழில் சமவாயம் 1996இல் நிறைவேறியமையிலும், நடைபாதை வியாபாரிகளைப் பாதுகாக்கும் சட்டம் 2014இல் இந்தியாவில் இயற்றப்பட்டமையிலும் சேவாவுக்குப் பங்குண்டு. இவை எந்தவொரு தனிப்பெண்ணின் கடன்புத்தகத்திலும் பதியப்படாத வெற்றிகள்.

இவ்வினா இலங்கை வாசகருக்கு அந்நியமானதன்று. சீட்டுப் பிடித்து ஒருவருக்கொருவர் கைகொடுக்கும் வழக்கம் நம் பெண்களிடம் நெடுங்காலமாக உண்டு. 2009இல் யுத்தம் முடிவுற்றபின், வடக்கிலும் கிழக்கிலும் நுண்கடன் கம்பனிகள் பெருமளவிற் புகுந்தன. குடும்பத் தலைவிகளாகிவிட்ட பெண்களே அவற்றின் முதன்மை வாடிக்கையாளராயினர். வாழ்வாதாரம் இன்னும் ஊன்றாத மண்ணில் வாரத்தவணை முந்திக்கொண்டது. ஒரு கடனை அடைக்க மற்றொரு கடன் பெறப்பட்டது. வசூலிப்போரின் நெருக்குதல் பற்றியும் உயிர்மாய்ப்புகள் பற்றியும் செய்திகள் வெளிவந்தன. 2018இல் வறட்சியாற் பாதிக்கப்பட்ட மாவட்டங்களிற் பெண்கள் பெற்ற, ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசாங்கம் முன்வரவேண்டியதாயிற்று. இங்கும் அக்கடன்கள் ‘பெண் வலுவூட்டல்’ என்ற பெயரிலேயே வழங்கப்பட்டன.

2021 மார்ச்சில், பொலன்னறுவை மாவட்டத்து ஹிங்குராக்கொடவில், நுண்கடனாற் பாதிக்கப்பட்ட பெண்கள் வீதியோரத்தில் அமர்ந்து பல வாரங்கள் தொடர் சத்தியாக்கிரகம் நடத்தினர். தவணை செலுத்துவதற்காகவும் ஒருவரையொருவர் கண்காணிப்பதற்காகவும் குழுக்களில் அமர்த்தப்பட்ட பெண்கள், இம்முறை தம் கோரிக்கையை முன்வைப்பதற்காக ஒன்றாக அமர்ந்தனர். வெளித்தோற்றத்துக்கு இரண்டும் பெண்கள் கூடியமர்ந்த கூட்டங்களே. முன்னையதில் ஒருத்தியின் துன்பம் மற்றையவளுக்குச் சுமையாயிற்று. பின்னையதில் அது அனைவரினதும் நியாயமாயிற்று. வலுவூட்டல் என்ற பெயரோடு ஒரு நிறுவனம் கிராமத்துக்கு வரும்போது அதன் அறிக்கையைப் படிப்பதோடு நின்றுவிடலாகாது. அது பெண்களை எதற்காக ஒன்றுகூட்டுகின்றது என்பதைக் கேட்டறிதல் வேண்டும். இரு நூல்களையும் அருகருகே வைத்துப் படிப்போர்க்குக் கிட்டும் உரைகல் அதுவே.